நீலத் திமிங்கலத்தைத் தின்ன யாரால் முடியும்?

கேள்வி இதுதான்: பூமியில் இதுவரை வாழ்ந்ததிலேயே எடை மிகுந்த விலங்காக அறியப்படும் நீலத் திமிங்கலத்தை வேட்டையாடித் தின்னும் விலங்கு ஏதாவது உண்டா, இல்லை அந்த உடம்பே அதற்குக் காவலா?

உண்டு. மனிதனை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒன்றே ஒன்று, ஓர்க்கா. கொலைத் திமிங்கலம் என்று நாம் சொல்கிறோம், ஆனால் அது டால்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தது. பல புத்தகங்களில் இன்னும் "வளர்ந்த நீலத் திமிங்கலத்துக்கு இயற்கை எதிரி கிடையாது" என்றுதான் இருக்கிறது. 2019 வரைக்கும் அப்படி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓர்க்காக்கள் அதைக் கொன்று முடித்ததை அதுவரை யாரும் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கவில்லை.

ஒரு சின்னக் கிளைக்கதை. திமிங்கலம் என்ற நம் சொல் வடமொழியின் திமிங்கிலத்திலிருந்து வந்தது. திமி என்ற பெருமீனையே விழுங்கக்கூடியது என்று பொருள். பழைய ஆட்கள் அதோடு நிற்காமல், அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்கும் திமிங்கிலகிலம் என்று இன்னொன்றையும் வைத்திருந்தார்கள். பெரியதைத் தின்ன வேண்டுமென்றால் அதைவிடப் பெரியது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கடலில் கணக்கு வேறு மாதிரி. பெரிய நீலத் திமிங்கலம் ஒன்று 25 மீட்டரைத் தாண்டும், எடை 100 டன்னுக்கு மேல், அரிதாக 30 மீட்டரை ஒட்டியும் அளந்திருக்கிறார்கள். பெண் ஓர்க்கா ஒன்று ஆறேழு மீட்டர், மூன்று நான்கு டன். அதாவது முப்பது ஓர்க்காக்களைச் சேர்த்துத் தராசில் போட்டால்தான் ஒரு நீலத் திமிங்கலத்துக்குச் சமம். விழுங்குவதெல்லாம் நடக்காத காரியம், பிய்த்துத்தான் தின்ன வேண்டும்.

சரி, 2019-இல் என்ன நடந்தது?

ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில் பிரெமர் பே என்று ஓர் ஊர். அங்கிருந்து கடலுக்குள் போனால் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தளம்) சட்டென்று அறுந்து ஆழமான பள்ளத்தாக்குகளாக இறங்குகிறது. அந்த இடத்தில் ஆண்டின் முதல் சில மாதங்களில் ஓர்க்காக்கள் கூடும், அவற்றைப் பார்க்கவே படகுகள் போகும். 2019 மார்ச் 21 அன்று அப்படிப் போன படகில் இருந்தவர்கள் பார்த்தது, ஒரு டஜன் ஓர்க்காக்கள் சுற்றி வளைத்திருந்த ஒரு நீலத் திமிங்கலம். 18 முதல் 22 மீட்டர் நீளம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே முதுகுத் துடுப்பு கடித்தெடுக்கப்பட்டிருந்தது, தோலும் கொழுப்பும் பட்டை பட்டையாக உரிந்து கிடந்தது, தலைப் பக்கம் எலும்பு தெரிந்தது. ஓர்க்காக்கள் வரிசையாகச் சேர்ந்து விலாவில் மோதின. கடைசியில் ஒரு பெண் ஓர்க்கா அதன் வாய்க்குள் தலையை விட்டு நாக்கைத் தின்றது. திமிங்கலம் அப்போது உயிரோடுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது முழுகிப் போனது. அதற்குப் பிறகு விருந்துக்கு வந்து சேர்ந்த ஓர்க்காக்கள் ஐம்பதை ஒட்டி இருந்தன.

அதே கடலில் இரண்டு வாரம் கழித்து ஒரு குட்டி, 2021 மார்ச்சில் ஓர் இளம் திமிங்கலம். மூன்றாவதை 25 கிலோமீட்டர் துரத்திப் போய் அப்புறம்தான் தாக்கின. இந்த மூன்றையும் சேர்த்து 2022 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேட்டையை முன்னின்று நடத்தியவை எல்லாம் வளர்ந்த பெண் ஓர்க்காக்கள். இதில் ஆச்சரியம் இல்லை, ஓர்க்காக் கூட்டமே தாய் வழி. பாட்டி, அம்மா, பிள்ளைகள் என்று ஒன்றாகவே வாழும், வேட்டை நுணுக்கமெல்லாம் அந்த வழியில்தான் கைமாறும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். முதலில் கொல்லப்பட்டதை முழு வளர்ச்சி பெற்ற விலங்கு என்று ஆய்வாளர்கள் சொன்னாலும், 18 முதல் 22 மீட்டர் என்பது நீலத் திமிங்கலத்தின் உச்ச அளவு கிடையாது. அந்தப் பக்கம் அதிகம் வருவது குள்ள நீலத் திமிங்கலம் என்ற உள்ளினம் (24 மீட்டரை ஒட்டி நின்றுவிடும், அதைக் குள்ளம் என்று பெயர் வைத்தவர் தைரியசாலி). அண்டார்டிகாவின் 28, 30 மீட்டர் ராட்சசி ஒன்றை ஓர்க்காக்கள் கொன்றதாகப் பதிவு எதுவும் இல்லை. அதனால் "ஓர்க்கா எந்த நீலத் திமிங்கலத்தையும் கொன்றுவிடும்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

தாக்குதல் என்று பார்த்தால் 2019 முதல் தடவையும் அல்ல. 1978-இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா முனைக்கு அருகில் சுமார் முப்பது ஓர்க்காக்கள் 18 மீட்டர் இளம் நீலத் திமிங்கலம் ஒன்றை ஐந்து மணி நேரம் விடாமல் தாக்கியதை ஒரு கப்பலிலிருந்து பார்த்துப் படமெடுத்திருக்கிறார்கள். அதில் வேலைப் பிரிவினை தெளிவாகத் தெரிந்தது. சில பக்கவாட்டில் அணைகட்டினாற்போல நீந்தின, சில முன்னால் போய் வழியை மறித்தன, சில அடியில் நின்று ஆழத்துக்குப் போகவிடாமல் தடுத்தன, சில மேலே ஏறி மூச்சு விடவிடாமல் அழுத்தின. முதுகுத் துடுப்பு போய்விட்டது, வால் கந்தலாகிவிட்டது. ஐந்து மணி நேரம் கழித்து என்ன தோன்றியதோ, ஓர்க்காக்கள் சட்டென்று விட்டுவிட்டுப் போய்விட்டன. அந்த இளம் திமிங்கலம் பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அந்தக் காயங்களோடு பிழைத்திருப்பது கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கலிஃபோர்னியா வளைகுடாவில் ஒவ்வொரு திமிங்கலத்தையும் புகைப்படம் எடுத்து அடையாளம் வைத்து ஆராய்ந்தவர்கள், சுமார் கால்வாசி நீலத் திமிங்கலங்களின் உடம்பில் ஓர்க்காவின் பல் கீறிய இணைகோடுகள் இருப்பதாகச் சொன்னார்கள். சீப்பால் கோதியது மாதிரி வரிவரியாக இருக்கும். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஓர்க்கா அடிக்கடி முயன்று பார்க்கிறது என்றும் படிக்கலாம், தழும்போடு இருப்பது தப்பித்த விலங்கு, தப்பிக்காததன் உடம்பில் தழும்பை எண்ண முடியாது என்றும் படிக்கலாம். குட்டியாக இருந்தபோது வாங்கிய கடியின் தழும்பு வளர்ந்த பிறகும் இருக்கும் என்பதால், எந்த வயதில் ஆபத்து என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

வயதைப் பற்றிப் பேசினால் ஆபத்து பெரும்பாலும் குட்டிக்குத்தான். பிறக்கும்போதே ஏழு மீட்டர், இரண்டரை மூன்று டன், அதாவது ஓர்க்கா அளவு. தாய்ப்பாலில் ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோ வரை எடை கூடும். ஆறேழு மாதத்தில் பால் மறக்கும்போது 16 மீட்டரை எட்டிவிடும். இந்த வேகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வேட்டையாடிக்குச் சுலபமாகக் கிடைக்கும் அளவைச் சீக்கிரம் தாண்டிவிடுவதில் லாபம் இருக்கிறது என்பது வெளிப்படை.

நாக்கை ஏன் குறி வைக்கின்றன என்று கேட்கலாம். நீலத் திமிங்கலத்தின் நாக்கு மட்டும் இரண்டு மூன்று டன், மெத்தென்று இருக்கும், கடிக்கச் சுலபம். இதைவிட முக்கியமான காரணம் அவசரம். செத்த நீலத் திமிங்கலம் பொதுவாக மிதக்காது, மூழ்கும். ஓர்க்கா ஓரளவு ஆழம் வரைதான் போகும். அதனால் கையில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் நல்ல பாகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஈடன் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓர்க்காக் கூட்டம் ஒன்று திமிங்கலங்களை விரிகுடாவுக்குள் மடக்கிக் கொடுக்கும், படகில் வரும் வேட்டைக்காரர்கள் ஈட்டி எறிந்து கொல்வார்கள், பிறகு உடலை உடனே இழுத்துப் போகாமல் நாக்கையும் உதட்டையும் ஓர்க்காக்களுக்கு விட்டுவிடுவார்கள். நாக்குச் சட்டம் என்றே அதற்குப் பெயர். அந்தக் கூட்டத்தில் பேர்போன ஓல்ட் டாம் என்ற ஓர்க்கா 1930-இல் செத்தது, அதன் எலும்புக்கூடு அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

சுறாக்கள்? பெரிய வெள்ளைச் சுறா செத்த திமிங்கலத்தைத் தின்னும், அது தாராளமாக நடப்பதுதான். தென்னாப்பிரிக்கக் கடலில் கயிற்றில் சிக்கி இளைத்துப்போன கூன்முதுகுத் திமிங்கலத்தை வெள்ளைச் சுறா கடித்து மூழ்கடித்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் நீலத் திமிங்கலத்திடம் அது போகாது. மெகலடான் என்று கேட்பவர்களுக்கு: அந்த ராட்சசச் சுறா சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. பல்லில்லாத திமிங்கலங்கள் இன்றைக்கு இருக்கும் பிரம்மாண்ட அளவுக்கு வளரத் தொடங்கியதே ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான், பெரும்பாலும் அதற்குப் பிறகு. இரண்டும் சண்டை போடும் படங்களை ரசிக்கலாம், அவ்வளவுதான். ராட்சசக் கணவாயையும் இதில் இழுப்பார்கள். அது வேறு கதை, அதைத் தேடித் தின்பது பல்லுள்ள விந்துத் திமிங்கலம். நீலத் திமிங்கலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையில் நீலத் திமிங்கலத்தைக் கடிக்கும் சுறா ஒன்று இருக்கிறது, அரை மீட்டர் நீளம்தான். குக்கிகட்டர் என்று பெயர். உதட்டை உறிஞ்சான் மாதிரி ஒட்டிக்கொண்டு, உடம்பைத் திருகி, வட்டமாக ஒரு வில்லைச் சதையைத் தோண்டியெடுத்துக்கொண்டு போய்விடும். திமிங்கலத்தின் தோலில் முட்டை வடிவ வடுக்கள் நிறைய இருப்பதற்கு இதுதான் காரணம். உயிருக்கு ஆபத்தில்லை, யானையைக் கொசு கடித்த மாதிரி. ஆனாலும் உயிரோடு இருக்கும் நீலத் திமிங்கலத்தின் சதையை வழக்கமாகத் தின்பது யார் என்று கேட்டால், கறாரான பதில் ஓர்க்கா இல்லை, இந்தப் பொடிப்பயல்தான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இவ்வளவு பெரிய உடம்பு ஏன் திருப்பி அடிப்பதில்லை?

திமிங்கலங்களை ஓர்க்காவிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நின்று சண்டை போடுபவை, ஓடுபவை. கூன்முதுகுத் திமிங்கலம், சாம்பல் திமிங்கலம் எல்லாம் முதல் ரகம். உருண்டு திரண்ட உடம்பு, மெதுவான நீச்சல், வாலையும் துடுப்பையும் வீசி அடிக்கும், குட்டியை நடுவில் வைத்துக் காக்கும். கூன்முதுகு ஒரு படி மேலே போய், ஓர்க்கா வேறு எதையாவது வேட்டையாடினால்கூட அங்கே போய் வம்புக்கு நிற்கும். நீலத் திமிங்கலம் இரண்டாவது ரகம். வாயில் பல் கிடையாது, கூனி மாதிரியான கிரில்லை வடிகட்ட சீப்பு போலத் தொங்கும் தகடுகள்தான். உடம்பு ஈட்டி மாதிரி ஒல்லியாக நீண்டது. பக்கத் துடுப்பு உடம்போடு ஒப்பிட்டால் சின்னது. அது செய்வது ஒன்றே ஒன்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுவது. பதறினால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஓர்க்கா குறுகிய தூரத்துக்கு இதைவிட வேகம், ஆனால் அந்த வேகத்தில் நெடுநேரம் நீந்த முடியாது. நீலத் திமிங்கலத்துக்கு மூச்சுப் பிடித்து நீண்ட நேரம் ஓடும் தெம்பு உண்டு. ஆக, பெரிய உடம்பின் பயன் கவசம் என்பதை விட எரிபொருள் தொட்டி என்பதுதான் சரி. 2017-இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஆளில்லா விமானம் எடுத்த படத்தில் ஓர்க்காக்கள் பக்கவாட்டில் வந்து இடித்ததும், அந்த நீலத் திமிங்கலம் ஒரு புரள் புரண்டு வேகமெடுத்து ஓடியதைப் பார்க்கலாம். அவையும் அதைத் துரத்தவில்லை, சும்மா சீண்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

ஓடுவதற்கு முன்னால் இன்னொரு வேலி இருக்கிறது, குரல். நீலத் திமிங்கலத்தின் பாட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கேட்கக்கூடியது, விலங்குலகின் உரத்த ஒலிகளில் ஒன்று. இப்படிக் கத்திக்கொண்டு திரிந்தால் ஓர்க்கா வந்துவிடாதா? வராது, ஏனென்றால் அந்தப் பாட்டு 10 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான அடிமட்டச் சுருதியில் இருக்கிறது. மனிதக் காதுக்கே 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. ஓர்க்காவின் காது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் கூர்மையானது, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய செவிடு. 2025-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிரெவர் பிராஞ்ச் எல்லாப் பலீன் திமிங்கலங்களின் (பல்லுக்குப் பதில் வடிகட்டும் தகடுள்ளவை) குரலையும் சேர்த்து வைத்துப் பார்த்து, ஓடும் ரகங்கள் பெரும்பாலும் ஓர்க்காவுக்குக் கேட்காத தாழ்ந்த சுருதியில் பாடுகின்றன, சண்டை போடும் ரகங்கள் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாடுகின்றன என்று காட்டினார். தாழ்ந்த சுருதிக்கு ஓர்க்கா மட்டும்தான் காரணமா என்பது வேறு கேள்வி, பெரிய உடம்பில் கனத்த குரல் வருவது இயல்பு. ஆனால் சண்டைக்காரன் சத்தமாகவும் ஓடுகிறவன் எதிரி காதில் விழாமலும் பேசுவது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, என்னால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. தமாஷ் என்னவென்றால் பாலூட்டிகளைத் தின்னும் ஓர்க்காக்களும் வேட்டையின்போது வாய் திறக்காது. இரண்டு பக்கமும் மௌனம்.

குளிர்ந்த கடலில் வயிறு நிறையத் தின்றுவிட்டு வெதுவெதுப்பான கடலுக்குப் போய் ஏன் குட்டி போடுகின்றன என்பதற்கும், அங்கே ஓர்க்கா குறைவு என்பதுதான் காரணம் என்று 1999-இல் ஒரு கருத்து வந்தது. வெந்நீரில் தோல் உரிக்கத்தான் போகின்றன என்று இன்னொரு கட்சி. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டுமே பாதிப் பாதி சரியாகப் படுகிறது.

இப்போது மனிதனுக்கு வருகிறேன், ஏனென்றால் நீலத் திமிங்கலத்தின் கணக்கில் ஓர்க்கா ஒரு மூலையில் வரும் சில்லறை. படகுத் துடுப்புப் போட்டுக் கையால் ஈட்டி எறிந்த காலத்தில் மனிதனாலும் இதைத் தொட முடியவில்லை. ஓட்டத்தில் பிடிக்க முடியாது, தப்பித் தவறிக் கொன்றாலும் மூழ்கிவிடும். அதாவது ஓர்க்காவைச் சமாளித்த அதே ஆயுதம் மனிதனையும் சமாளித்தது. 1860-களில் நார்வேக்காரர் ஸ்வெண்ட் ஃபோயின் நீராவிப் படகில் பீரங்கி வைத்து, முனையில் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைச் சுடத் தொடங்கினார். செத்த உடலுக்குள் காற்றை அடித்து மிதக்க வைக்கவும் கற்றுக்கொண்டார்கள். 1904-இல் அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விகன் என்ற திமிங்கல வேட்டை நிலையம் வந்தது. 1920-களில் பின்பக்கம் சரிவுப் பாதை வைத்த தொழிற்சாலைக் கப்பல்கள் வந்தன, உடலைக் கரைக்கு இழுக்கவே வேண்டாம், கடலிலேயே வெட்டிக் காய்ச்சிவிடலாம். 1930-31 பருவத்தில் மட்டும் 29,000-க்கும் மேல் கொன்றார்கள். பிறகு ஒதுக்கீடு வைத்தபோது அதை எண்ணிய அலகுக்கே நீலத் திமிங்கல அலகு என்று பெயர்: ஒரு நீலத் திமிங்கலம் சமம் இரண்டு துடுப்புத் திமிங்கலம், சமம் இரண்டரை கூன்முதுகு, சமம் ஆறு சேய் (sei என்ற இனம்) திமிங்கலம். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் எண்ணெயை வைத்துப் போட்ட கணக்கு. ஒன்றைத் தேடிப் போய்ச் சுட்டால் ஆறு வேட்டைக்குச் சமம் என்று விதியே சொன்னால் யார் எதைத் தேடிப் போவார்கள்? அண்டார்டிகாவில் ஒரு காலத்தில் 2,39,000 வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் நீலத் திமிங்கலம் 1970-களின் தொடக்கத்தில் சுமார் 360-க்கு இறங்கியது. 1966-இல் தடை வந்தது, அதன் பிறகும் சில ஆண்டுகள் சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் கொன்றன.

இப்போது யாரும் சுடுவதில்லை, கப்பல் இடிக்கிறது. இலங்கையின் தென்கோடியில் தெய்வேந்திரமுனைக்கு வெளியே உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது, அதே நீரில் ஆண்டு முழுக்க நீலத் திமிங்கலங்கள் மேய்கின்றன. பாதையைப் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2022-இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தள்ளி ஓட்டத் தொடங்கியது.

ஓர்க்காவிடமிருந்து தலைதெறிக்க ஓடும் விலங்கு கப்பலைக் கண்டால் ஏன் ஓடுவதில்லை என்று தெரிந்துகொள்ள, கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகப் பாதையில் நீலத் திமிங்கலங்கள் மேல் கருவி ஒட்டிப் பார்த்தார்கள், 2015-இல் முடிவு வந்தது. கப்பல் நெருங்கும்போது ஏறக்குறைய பாதித் தடவை அது மெல்ல, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், நேராகக் கீழே இறங்கியது. மீதித் தடவை அதுகூட இல்லை. பக்கவாட்டில் விலகி ஓடியது ஒரு தடவைகூடக் கிடையாது.